உஷார்! ஐ.சி.யூ.வில் அம்மா... உயரத்தைச் சொல்லிவிட்டீர்களா?

நியூஜெர்சி எடிசனில், டெக்சாஸ் ஃப்ரிஸ்கோவில், பே ஏரியா ஃப்ரீமாண்ட்டில் பிள்ளை வீட்டில் தங்க ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாக்களும் அப்பாக்களும் ஏராளம். அவர்களில் ஒருவருக்கு நிமோனியா கண்டு, மூச்சு முட்டி, ஆம்புலன்ஸில் ஏற்றிப்போய், தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டர் வைக்க வேண்டிய நிலை வருகிறது என்று வையுங்கள். டாக்டரிடம் என்னென்ன சொல்வீர்கள்? சர்க்கரை இருக்கிறது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், இந்த மருந்து அலர்ஜி. எல்லாம் சரி. இன்னொன்றையும் மறக்காமல் சொல்லியாக வேண்டும். அவருடைய உயரம்.

"மூச்சுக்குப் போராடும் நேரத்தில் உயரம் எதற்கு?" என்று தோன்றலாம். வென்டிலேட்டர் ஒவ்வொரு தடவையும் எவ்வளவு காற்றைத் தள்ள வேண்டும் என்று முடிவு செய்வதே அந்த எண்தான். அது தப்பாகப் போனால், உயிரைக் காக்க வைத்த மெஷினே நுரையீரலைக் காயப்படுத்தும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. கால் நூற்றாண்டுக்கு முன்பே நிரூபணமான விஷயம் இது.

காற்றே காயப்படுத்துமா?

நாம் இயல்பாக மூச்சு விடும்போது நெஞ்சு விரிந்து காற்றை உள்ளே இழுக்கிறது. வென்டிலேட்டர் அழுத்தம் கொடுத்துக் காற்றை உள்ளே தள்ளுகிறது. நல்ல நுரையீரல் இதைத் தாங்கிக்கொள்ளும். ஏ.ஆர்.டி.எஸ். என்ற கடுமையான மூச்சுச் செயலிழப்பில் நிலைமை வேறு. நிமோனியாவோ, ரத்தத்தில் கிருமி பரவுவதோ, கணைய அழற்சியோ காரணமாக இருக்கலாம். காற்றுப்பைகளில் நீர் கோத்துக்கொண்டு, நுரையீரலின் பெரும்பகுதி மூடிவிடும். மெஷின் தள்ளும் காற்று முழுவதும் மிச்சமிருக்கும் சின்னப் பகுதிக்குள் போய்ச் சேரும். பத்துப் பேர் தூக்க வேண்டிய சப்பரத்தை மூன்று பேர் தோளில் ஏற்றுவது போலத்தான். அந்த மூவரும் சேர்ந்து சாய்வார்கள். நன்றாக இருந்த பகுதியும் அளவுக்கு மீறி விரிந்து, வீங்கி, பழுதாகும். சிலருக்குக் காற்று வெளியே கசிந்து நெஞ்சுக்கூட்டுக்குள் அடைத்துக்கொள்ளும். அங்கே கிளம்பும் அழற்சி ரத்தத்தில் கலந்து மற்ற உறுப்புகளையும் பதம் பார்க்கும்.

இந்த நோயை 1967-ல் அமெரிக்காவின் டென்வர் மருத்துவர்கள் 12 நோயாளிகளை வைத்து 'லான்செட்' இதழில் விவரித்தார்கள். அதற்குப் பிறகும் பல வருடங்கள் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.லி. வரை காற்றுத் தள்ளுவதுதான் வழக்கமாக இருந்தது. ரத்தப் பரிசோதனையில் ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் அழகாக வரும். எல்லோருக்கும் திருப்தி. உள்ளே நுரையீரல் நைந்துகொண்டிருந்தது.

அமெரிக்க அரசின் தேசிய இதய, நுரையீரல், ரத்த நிறுவனம் பணம் கொடுத்து, சான் ஃபிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் உட்பட 10 மையங்கள் சேர்ந்து இதைச் சோதித்தன. ஒரு குழுவுக்குக் கிலோவுக்கு 12 மி.லி. காற்று. இன்னொரு குழுவுக்கு 6 மி.லி. காற்று, அதோடு அழுத்தம் 30 செ.மீ. நீரழுத்தத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு. 861 நோயாளிகள் சேர்ந்த நிலையில், 1999-ல் ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்தது. அதிகக் காற்று வாங்கியவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள். குறைவாக வாங்கியவர்களில் 31 சதவீதம். புது மருந்து ஒன்றும் கிடையாது. மெஷினில் வைத்த அளவு மட்டும்தான் வேறு. முடிவு 2000-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளிவந்தது.

எடை மெஷின் காட்டும் எடை இல்லை

கவனமாகப் படியுங்கள். 'கிலோவுக்கு 6 மி.லி.' என்பதில் வரும் கிலோ, அம்மாவின் நிஜ எடை இல்லை. உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடை. உடம்பு பெருத்தால் நுரையீரல் பெருக்காது. அதன் அளவு உயரத்தைப் பொறுத்தது. பெண்ணுக்கு 5 அடி உயரம் என்றால் 45.5 கிலோ; அதற்கு மேல் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 2.3 கிலோ கூட்ட வேண்டும், குறைந்தால் கழிக்க வேண்டும். ஆணுக்கு 50 கிலோவிலிருந்து இதே கணக்கு.

4 அடி 11 அங்குலம் உயரமும் 72 கிலோ எடையும் உள்ள ஓர் அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் எத்தனையோ அம்மாக்கள் இந்த வாகுதான். கணக்குப்படி அவர் எடை 43.2 கிலோ. கிலோவுக்கு 6 மி.லி. வீதம் ஒரு மூச்சுக்கு 259 மி.லி. போதும். நிஜ எடையைப் போட்டால் 432 மி.லி. ஆகிவிடும். அதாவது அவர் நுரையீரலுக்குக் கிலோவுக்கு 10 மி.லி. பழைய ஆபத்தான அளவுக்கே திரும்பிவிட்டோம்.

இன்னொரு தவறு இதைவிட ஓசையில்லாமல் நடக்கும். படுத்திருப்பவரைப் பார்த்துவிட்டு யாரோ 5 அடி 5 அங்குலம் என்று குத்துமதிப்பாகப் பதிந்துவிடுகிறார் என்று வையுங்கள். மெஷினில் 342 மி.லி. ஏறும். சார்ட்டில் 6 என்றே இருக்கும். பார்க்கிற எல்லோரும் சரியென்று நகர்ந்துவிடுவார்கள். உள்ளே போவதோ கிட்டத்தட்ட 8. உள்ளூர்க்காரர் என்றால் டிரைவர் லைசென்ஸில் உயரம் இருக்கும். ஊரிலிருந்து வந்த அம்மாவின் இந்தியப் பாஸ்போர்ட்டில் அது கிடையாது. அவரால் வாய் திறந்து சொல்லவும் முடியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

குட்டையானவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, தேவைக்கு மேல் காற்றுப் போய்விடுகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. 50 நாடுகளில் 459 ஐ.சி.யூ.க்களைக் கவனித்து 2016-ல் வெளியான 'லங் சேஃப்' ஆய்வு இன்னும் கவலை தருகிறது. ஏ.ஆர்.டி.எஸ். நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவானவர்களுக்கே கிலோவுக்கு 8 மி.லி. அல்லது அதற்குக் கீழ் வைக்கப்பட்டிருந்தது. நுரையீரலுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்து பதிந்திருந்தது சுமார் 40 சதவீதம் பேருக்குத்தான். லேசான பாதிப்பு வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு, வந்திருப்பது ஏ.ஆர்.டி.எஸ். என்றே டாக்டர்கள் அடையாளம் காணவில்லை.

திரையில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

அமெரிக்க மருத்துவமனைகளில் வென்டிலேட்டரைக் கவனிக்கத் தனியாக ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட் இருப்பார். 'ஆர்.டி.' என்பார்கள். டாக்டர் உத்தரவின்படி அளவுகளை மாற்றுபவர் அவர்தான். அவர் வரும்போது பக்கத்தில் இருங்கள். ஒரு பட்டனை அழுத்தி, உள்ளே போன காற்றை அரை நொடி வெளியே விடாமல் நிறுத்துவார். திரையில் உச்சிக்குப் போன அழுத்தக் கோடு சற்று இறங்கி, மேடைபோல் தட்டையாக ஓடும். அந்தத் தட்டையான இடத்தில் வரும் எண்தான் பிளேட்டோ பிரஷர். காற்றுப்பைகள் தாங்கும் அழுத்தம் அது. 30-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதே இலக்கு. உச்சியில் தெரியும் பீக் பிரஷரைப் பார்த்துப் பதறாதீர்கள். குழாயில் சளி அடைத்தாலும், அம்மா இருமினாலும் அது எகிறும், அலாரமும் அடிக்கும்.

'பீப்' என்று இன்னொரு எண் இருக்கும். மூச்சை வெளியே விட்ட பிறகும் காற்றுப்பைகள் மூடிக்கொள்ளாமல் இருக்க உள்ளே விட்டுவைக்கும் அழுத்தம். பிளேட்டோவிலிருந்து பீப்பைக் கழித்தால் வருவது டிரைவிங் பிரஷர். 3,562 நோயாளிகளின் தரவுகளை அலசி 2015-ல் வந்த ஆய்வு, இது கூடக்கூட இறப்பும் கூடியதைக் காட்டியது. 15-க்குள் வைக்கப் பல டாக்டர்கள் முயல்கிறார்கள்.

"100 வரவில்லையே, கூட்டுங்கள்!" என்று சொல்லாதீர்கள்

நம்மவர்கள் செய்யும் பெரிய தப்பு இது. ஆக்சிஜன் 91 என்று காட்டினால் உடனே நர்ஸை அழைத்து, "ஏன் 100 வரவில்லை? இன்னும் கூட்டுங்கள்" என்று நெருக்குகிறோம். அந்த 861 பேர் ஆய்வில் வைத்த இலக்கே 88 முதல் 95 வரைதான். கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் ஏறுவதைக்கூட டாக்டர்கள் தெரிந்தே பொறுத்துக்கொள்கிறார்கள். எண்ணை அழகாக்கப் போய் நுரையீரலைக் கெடுக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் விடாமல் கேளுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கருத்த தோலில் நிஜத்தைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க எஃப்.டி.ஏ. 2021-ல் எச்சரித்திருக்கிறது. ஆகவே, ரத்தம் எடுத்துப் பார்க்கும் பிளட் கேஸ் அளவோடு அது ஒத்துப்போகிறதா என்று கேட்பது நியாயமான கேள்வி.

அழுத்தத்தை ஏகத்துக்கு ஏற்றி, மூடிய காற்றுப்பைகளை ஒரேயடியாகத் திறந்துவிடலாம் என்ற எண்ணமும் சோதிக்கப்பட்டது. பிரேசில் தலைமையில் 9 நாடுகளில் 1,010 பேரிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. அப்படி ஏற்றியவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 55.3 சதவீதம், ஏற்றாதவர்களில் 49.3. அழுத்தம் கூடினால் அம்மா சீக்கிரம் தேறிவிடுவார் என்று நம்ப வேண்டாம்.

கடுமையான பாதிப்பில் உண்மையிலேயே பலன் தந்தது குப்புறப் படுக்க வைப்பது. 466 பேரிடம் நடந்து 2013-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் 28 நாள் இறப்பு 32.8 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. அம்மாவைக் குப்புறப் போட்டிருக்கிறார்களே என்று கலங்கி, திருப்பச் சொல்லிச் சண்டை போடாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

ஒன்று: அம்மா, அப்பா, வீட்டில் இருக்கும் எல்லோருடைய உயரத்தையும் செருப்பில்லாமல் சுவரோடு நிறுத்தி அளந்து, மருந்துப் பட்டியலோடு எழுதிவையுங்கள். அடி-அங்குலத்திலும் செ.மீ.யிலும்.

இரண்டு: வென்டிலேட்டர் வைத்த அன்றே கேளுங்கள்: "சார்ட்டில் உயரம் எவ்வளவு போட்டிருக்கிறீர்கள்? டேப் வைத்து அளந்தீர்களா?" தப்பாக இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள்.

மூன்று: தினமும் ரவுண்ட்ஸின்போது மூன்று கேள்விகள். ஏ.ஆர்.டி.எஸ். இருக்கிறதா? உயரக் கணக்கின்படி கிலோவுக்கு எத்தனை மி.லி.? பிளேட்டோ எவ்வளவு? 30-ஐத் தாண்டியிருந்தால் காரணம் கேளுங்கள். உடல் பருமனாலோ வயிறு உப்பலாலோ நெஞ்சு இறுகியிருந்தாலும் அந்த எண் கூடலாம். எனவே குற்றம் சாட்டும் குரல் வேண்டாம். விளக்கம் கேட்கும் குரல் போதும்.

நான்கு: ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அமெரிக்க அரசின் நிதி பெறும் மருத்துவமனைகள் அதை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். போனிலாவது ஏற்பாடு செய்வார்கள்.

ஐந்து: மெஷினை நீங்களாகத் தொடவே கூடாது. அலாரத்தைக்கூட அமர்த்தக் கூடாது.

கேள்வி கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள். நல்ல டாக்டரும் நல்ல ஆர்.டி.யும் இந்தக் கேள்விகளை வரவேற்பார்கள். ராத்திரி ஷிப்டில் பல நோயாளிகளுக்கு நடுவே யார் கண்ணிலும் படாமல் போகக்கூடிய ஒரு தவறு, நீங்கள் கேட்கும் ஒரே கேள்வியில் சிக்கிவிடும். அளக்கும் டேப்பை இன்றைக்கே எடுங்கள்.