தாழிக்காட்டு விலங்குகள்

ராதாபுரம் வட்டத்தில் தாமிரபரணி ஓடவில்லை. அங்கே ஓடுவது நம்பியாறு. மழைக்காலம் போக மற்ற நாளில் மணல் தெரியக் கிடக்கும் சிற்றாறு. அதன் கரையிலுள்ள துலுக்கர்பட்டியில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2022இல் தொடங்கிய அகழாய்வில், தமிழி எழுத்தில் ‘புலி’ என்று கீறிய கருப்பு சிவப்புப் பானை ஓடு ஒன்று கிடைத்தது. ஓடுகளில் இப்படிக் கீறப்பட்டவை பெரும்பாலும் ஆட்பெயர்கள் என்பதால், இதுவும் பானைக்கு உரியவரின் பெயராக இருக்கலாம். சிங்கத்தைக் கண்டிராத ஊர்களிலும் சிங்கம் என்று பெயர் வைக்கிறார்கள். ஆகவே அந்த ஓட்டை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே புலி உலவியது என்று சொல்வது அவசரம். ஆனால் அதை வடக்கே பொருநை என்னும் தாமிரபரணியின் கரையில் கிடைத்த பொருள்களோடு சேர்த்து வைத்தால் நிலைமை மாறுகிறது. இந்த வட்டாரத்தின் பழங்கலையை இயற்கை வரலாற்றுச் சான்றாகவும் வாசிக்கலாம், வாசிக்கவும் வேண்டும் என்பதே இங்கே முன்வைக்கும் வாதம்.

முதலில் ஆற்றின் அமைப்பு. பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணியின் நீளம் ஏறத்தாழ 125 கிலோமீட்டர்தான். பெரிய ஆறுகளின் வரிசையில் இதை யாரும் சேர்க்கமாட்டார்கள். ஆனால் இந்தச் சிறு தூரத்துக்குள் 1,800 மீட்டருக்கு மேல் உயர்ந்த மழைக்காடு, அடிவாரக் காடு, வறண்ட முள்காடு, நஞ்சை வயல், ஏரி குளங்கள், தேரிமணல், கழிமுகம் எல்லாம் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நீர் கொடுப்பதால் இது வற்றாத ஆறு. அதாவது, வெவ்வேறு வாழிடங்களைச் சேர்ந்த விலங்குகள் சில நாள் நடைத் தொலைவுக்குள் அடங்கிவிட்ட பள்ளத்தாக்கு இது. ஆதிச்சநல்லூரின் கலைப்பொருள்களைப் பார்க்கும்போது இதை மறக்கக் கூடாது.

ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே, ஆற்றின் தென்கரையில், சரளைக்கல் மேடாக நீண்டு கிடக்கிறது ஆதிச்சநல்லூர்ப் பரம்பு. நஞ்சை நிலத்தை வீணாக்காமல், உழவுக்கு உதவாத மேட்டில் இறந்தோரைத் தாழியில் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். கலப்பை படாததால்தான் இத்தனை பொருள் மிஞ்சியது. 1876இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் இங்கே தோண்டிப் பொருள்களை எடுத்துச் சென்றார். 1899 முதல் 1905 வரை அலெக்ஸாண்டர் ரீ விரிவாக அகழ்ந்து, இரும்புக் கருவிகள், பொற்பட்டங்கள், வெண்கலக் கலங்கள் எனப் பெரும் தொகுப்பைச் சேர்த்தார். அது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த வெண்கலக் கலங்களின் மூடிகளிலும் தாங்கிகளிலும் விலங்குகள் நிற்கின்றன. எருமை, ஆடு, சேவல் ஒரு பக்கம், புலி, மான், யானை மறுபக்கம், இடையே பறவைகள். வீட்டு விலங்கு, காட்டு விலங்கு என்று ரீயே பிரித்துக் காட்டினார். அதைவிடப் பயனுள்ள பிரிவு ஒன்று உண்டு என்று தோன்றுகிறது. யானையும் புலியும் மலைக்காட்டைச் சேர்ந்தவை. மான் வறண்ட சமவெளிக்கும் பொருந்தும். எருமை சேறும் நீரும் கேட்கும் விலங்கு. ஆற்றை மலையிலிருந்து வயல்வரை நெடுக்காக வெட்டிப் பார்த்தால் என்ன வருமோ, அதுதான் ஒரே இடுகாட்டில் வரிசையாக வந்திருக்கிறது.

2004–05இல் இந்தியத் தொல்லியல் துறைக்காக தி. சத்தியமூர்த்தி மீண்டும் அகழ்ந்தபோது கிடைத்த பானை ஓடு ஒன்று இதற்கு இன்னும் பலம் சேர்க்கிறது. களிமண்ணைத் திரித்து ஒட்டி அதில் உருவங்களைச் செய்திருக்கிறார்கள்: ஒரு பெண், அவள் பக்கத்தில் பயிர், கொக்கு, மான், முதலை. முதலை என்று சொல்லப்படுவது உடும்பாகவும் இருக்கலாமே என்று கேட்டால், சில சென்டிமீட்டர் மண் உருவத்தை வைத்துச் சண்டை போட முடியாது. ஆனால் பயிரும் கொக்கும் சேர்ந்து வருவதை அலட்சியம் செய்ய முடியாது. வயலில் கொக்கு நிற்பது நெல் நாட்டின் அன்றாடக் காட்சி. ரீ திறந்த தாழிகளுக்குள் நெல் உமி இருந்தது. பக்கத்துச் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்மணிகளின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. ஓட்டில் வயலைக் காட்டிய கையும் தாழிக்குள் நெல்லை வைத்த கையும் ஒரே வாழ்க்கையைச் சேர்ந்தவை.

இதற்கு எதிராக மூன்று கேள்விகள் எழும். முதலாவது, இவை ஈமப் பொருள்கள். அங்குள்ள விலங்கு சடங்குக் குறியாக இருக்குமே தவிர நேரில் கண்ட விலங்காக இருக்க வேண்டியதில்லை. சடங்குக் குறி என்பதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் குறியும் எங்கிருந்தாவது எடுக்கப்பட வேண்டும். இந்தப் பட்டியலில் கற்பனை மிருகமோ, இந்தப் பள்ளத்தாக்கில் வாழ முடியாத உயிரோ இல்லை. இது தற்செயல் என்று சொல்பவர்தான் விளக்கம் தர வேண்டும்.

இரண்டாவது கேள்வி கனமானது. வெண்கலத்துக்கு வேண்டிய வெள்ளீயம் நெல்லைச் சீமையில் கிடைப்பதில்லை. அப்படியானால் கலங்களே வெளியிலிருந்து வந்திருக்கலாமே? ஆதிச்சநல்லூர்க் கலங்களில் சில வெள்ளீயம் மிகுந்த வெண்கலம். வெள்ளீயம் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த உலோகம் ஆறிய நிலையில் தட்டினால் உடைந்துவிடும். சிவக்கக் காய்ச்சித் தட்டி, சூடு தணியுமுன் நீரில் தோய்த்துக் குளிர்விக்க வேண்டும். தேர்ந்த கன்னாருக்கே கைவரும் வேலை. அத்தகையோர் இங்கேயே இருந்தார்களா, கொற்கைத் துறைமுகம் வழியாகச் செய்த பொருள் வந்ததா என்பதைக் கலத்தை மட்டும் பார்த்துத் தீர்க்க முடியாது. ஆனால் பானையின் கதை வேறு. கனத்த தாழியையும் உடையும் சட்டியையும் கடல் கடந்து கொண்டுவந்து புதைப்பவர் இல்லை. ஓட்டில் உள்ள மானும் கொக்கும் உள்ளூர்க் கையின் வேலை என்றுதான் கொள்ள வேண்டும். உலோகம் வெளியிலிருந்து வந்ததென்றே வைத்துக்கொண்டாலும் மண் உள்ளூரிலேயே நிற்கிறது.

மூன்றாவது கேள்வி, கலைஞன் பார்க்காததையும் வரைவானே என்பது. வரைவான். இதே ஆற்றங்கரையிலுள்ள திருப்புடைமருதூர்க் கோயில் கோபுரத்தின் உட்சுவர் ஓவியங்களில் குதிரைகள் உண்டு. குதிரை இந்த மண்ணின் விலங்கு அன்று. ஆனால் அந்த ஓவியர் குதிரைகளைக் கப்பலில் ஏற்றியே காட்டியிருக்கிறார். வெளியிலிருந்து வந்ததை வந்த வழியோடு வரைந்த நேர்மை அது!

ஆனால் இந்த வாசிப்புக்கு ஓர் எல்லை உண்டு. யானையும் புலியும் ஆதிச்சநல்லூர்வரை இறங்கி வந்தனவா, மக்கள் மலைக்குப் போய்ப் பார்த்தார்களா என்பதை உருவங்கள் சொல்லமாட்டா. ஆதிச்சநல்லூர் மாதிரிகள் இரண்டின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என்று கணிக்கப்பட்டிருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்ட இடுகாட்டில் எந்த மூடி எந்தத் தலைமுறையுடையது என்று பிரிப்பதும் எளிதன்று. கலை தருவது சாட்சியம். எலும்பும் மகரந்தமும் தரும் அளவீட்டின் இடத்தை அது பிடிக்காது.

சாட்சிகளில் பலர் இன்னும் உயிரோடு இருப்பதுதான் இந்தப் பள்ளத்தாக்கின் தனிச்சிறப்பு. 1988இல் தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமானது களக்காடு–முண்டந்துறை. 2022இல் அகத்தியமலை யானைகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. மலையடிவாரத்து ஓடைகளில் நீர்நாய்கள் இருக்கின்றன. கூந்தன்குளத்தில் சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ளேயே மரங்களில் கூடு கட்டுகின்றன. 2022இல் அது ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஆற்றின் மறுகரையில் வல்லநாட்டுக் குன்றில் வெளிமான்கள் மேய்கின்றன. நாட்டில் இயற்கையாக வெளிமான் வாழும் தென்கோடி இடம் அதுவே; 1987இல் சரணாலயம் ஆனது. ஆனால் தொல்லியல் ஒரு துறையிடமும் வனவிலங்கு இன்னொரு துறையிடமும் இருப்பதால், வெண்கல மானுக்கும் வல்லநாட்டு மானுக்கும் உள்ள உறவைச் சொல்ல எந்தப் பலகையும் முன்வருவதில்லை. ஆதிச்சநல்லூருக்குப் போகிறவர்கள் அதே நாளில் ஆற்றைக் கடந்து வல்லநாட்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்; காலையில் வல்லநாடு, வெயில் ஏறியபின் பரம்பு என்று வைத்துக்கொண்டால் மான் கண்ணில் பட வாய்ப்பு அதிகம்.