ஒப்பனை நீங்கிய முகம்

படக்கருவிக்கு ஏற்ற முகம் என்று தனியே ஒன்று உண்டா? பிரெஞ்சு நடிகை ழான் மோரோவின் கலைவாழ்வு இவ்வினாவுக்குத் தக்க விடை தருகின்றது.

1928-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்த அவர், இருபது வயதை ஒட்டியே ‘கொமெடி பிரான்சேஸ்’ என்னும் புகழ்பெற்ற நாடக சபையில் இடம் பெற்றார். மேடை அவரைப் போற்றிற்று. திரையுலகமோ, அம்முகம் படத்தில் எடுபடாது எனக் கருதி, கனத்த ஒப்பனையால் அதனை மறைத்தது. 1949 முதல் பல ஆண்டுகள், மனத்தில் நில்லாத வேடங்களே அவருக்குப் பெரும்பாலும் வாய்த்தன.

1958-இல் வெளிவந்த ‘தூக்குமேடைக்கு லிப்ட்’ என்ற படம் இந்நிலையை மாற்றியது. காதலனைத் தேடி இரவில் வீதிதோறும் அலையும் பெண்ணாக அவர் நடித்தார். டைரக்டர் லூயி மால் ஒப்பனையை நீக்கி, கடைகளின் விளக்கொளியிலேயே அக்காட்சியைப் படமாக்கினார். கண்களின் சோர்வும் நெஞ்சின் கலக்கமும் முகத்தில் ஒளிவின்றித் தோன்றின. குறை எனப்பட்டதே அவரது நடிப்பின் வலிமையாயிற்று.

1960-இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான பரிசைப் பகிர்ந்து பெற்றார். 1962-இல் துருபோவின் ‘ஜூலும் ஜிம்மும்’ அவர் புகழை உலகெங்கும் பரப்பியது. 1976-இல் ‘லூமியேர்’ படத்தைத் தாமே இயக்கினார். 2017-இல் மறைந்தார்.

பிரெஞ்சு மொழி அறியாத நாமும் அந்த இரவு நடையின் பொருளை உணரலாம்; அங்கே சொல்லைவிட முகமே மிகுதியாகப் பேசுகின்றது.