கோல்டன் குட்டி வீட்டுக்கு வருது: யாரும் ரீல்ஸ் போடாத அந்த முதல் வருஷம்

போன வாரம் ஒருத்தர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். "நானும் மனைவியும் வேலைக்குப் போறோம். வீட்டுல அம்மா, அப்பா, நாலு வயசுப் பொண்ணு இருக்காங்க. மூணாவது மாடியில ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட். கோல்டன் ரெட்ரீவர் வாங்கலாமா? ஃபேமிலிக்கு ஏத்த நாய்னு எல்லாரும் சொல்றாங்களே?"

ஏத்த நாய்தான். அதுல சந்தேகம் இல்லை. ஆனா ரீல்ஸ்ல ஒரு குழந்தை மேல சாய்ஞ்சு தூங்க, அசையாம படுத்திருக்குமே ஒரு கோல்டன், அதுக்கு மூணு, நாலு வயசு இருக்கும். உங்க வீட்டுக்கு வரப்போறது எட்டு வாரக் குட்டி. இந்தக் குட்டி அந்த நாயா மாறுற காலத்தை யாரும் வீடியோ எடுத்துப் போடறதில்லை. இன்னைக்கு எபிசோட் அந்தக் காலத்தைப் பத்தித்தான்.

எங்க வீட்டுல பூந்தின்னு ஒரு கோல்டன் இருக்கா. இப்போ நாலு வயசு. அவளோட எட்டாவது மாசத்துல, வேற யாருக்காவது கொடுத்துடலாமான்னு குடும்பமா உட்கார்ந்து பேசினோம். அந்தக் கதைக்குப் பின்னாடி வரேன்.

எதுக்காக உருவான நாய்?

கோல்டனோட சொந்த ஊர் ஸ்காட்லாந்து. அங்கே மலைப்பகுதியில குயிசகன்னு ஒரு எஸ்டேட். அதோட உரிமையாளர் ட்வீட்மவுத் பிரபு. அவர்கிட்ட நூஸ்னு ஒரு மஞ்சள் நிற ரெட்ரீவர் இருந்தது. அதை பெல்ங்கிற ஒரு ட்வீட் வாட்டர் ஸ்பானியலோட சேர்த்தார். 1868-ல நாலு மஞ்சள் குட்டிகள் பிறந்தன. இன்றைய கோல்டன்களோட வம்சம் அங்கிருந்துதான் ஆரம்பிக்குது.

இந்த நாய்க்குக் கொடுத்த வேலை என்ன? வேட்டையில சுட்டு விழுந்த பறவையைத் தண்ணிக்குள்ள போயாவது தேடி, பல் படாம வாயில கவ்வி, எஜமான் கையில கொண்டு வந்து கொடுக்கணும். ரெட்ரீவர்ங்கிற பேரே அதனால வந்ததுதான்.

குட்டி செய்யற பாதிச் சேட்டைக்கு இதுலயே பதில் இருக்கு. செருப்பு, சாக்ஸ், டிவி ரிமோட் எல்லாத்தையும் ஏன் வாயில தூக்குது? அதுதான் அதோட வேலை. உங்களை விட்டு ஏன் அடுத்த ரூமுக்குக்கூடப் போகாது? மனுஷன் பக்கத்துலயே நின்னு வேலை செய்ய வளர்த்த இனம். குளிர்ந்த தண்ணியில இறங்கறதுக்குத்தான் உடம்பு பூரா ரெண்டு அடுக்கு முடி. அந்த முடியோடதான் நம்ம ஊர் மே மாசத்துக்கு அதைக் கூட்டிட்டு வரோம்.

முதல் சில வாரம்

எட்டு வாரம் ஆகாத குட்டியை வாங்காதீங்க. இங்கே 2017-ல வந்த மத்திய அரசு விதிகளும் அதைத்தான் சொல்லுது. தாயும் கூடப் பிறந்ததுங்களும் இருக்கும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடிச்சா வலிக்கும்னு குட்டி கத்துக்குது. தாய் நாயை நேர்ல பாருங்க. காட்ட மாட்டேன்னு சொன்னா, அங்கே வாங்காதீங்க.

முதல் ராத்திரி குட்டி அழும். பால்கனியில தனியா விடாதீங்க. உங்க கட்டில் பக்கத்துலயே படுக்கை போடுங்க. ரெண்டு, மூணு மாசக் குட்டியால ரெண்டு, மூணு மணி நேரத்துக்கு மேல சிறுநீரை அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடிச்சதும் உடனே கழிப்பிடத்துக்குத் தூக்கிட்டுப் போங்க. சரியான இடத்துல போச்சுன்னா அந்த நொடியே ஒரு சின்னத் தீனி. தப்பான இடத்துல போச்சுன்னா துடைச்சுட்டு நகருங்க. மூக்கைப் பிடிச்சு அதுல தேய்க்கறது, அடிக்கறது எதுவும் வேண்டாம். அதுல குட்டி கத்துக்கறது ஒண்ணுதான்: இந்த மனுஷங்க கண்ணுல படாம, சோபாவுக்குப் பின்னாடி போய்ப் போகணும்.

தடுப்பூசியா, வெளியுலகமா?

நிறைய பேர் குழம்பற இடம் இது. பிறந்த மூணாவது வாரத்துல இருந்து சுமார் பதினாலாவது வாரம் வரைக்கும் நாய்க்கு ஒரு முக்கியமான காலம். அப்போ பயமில்லாம பார்த்துப் பழகினதை வாழ்நாள் முழுக்க சாதாரணமா எடுத்துக்கும். பார்க்காம விட்டதைக் கண்டா பின்னாடி பயப்படும்.

ஆனா தடுப்பூசிகள் ஆறு, எட்டு வாரத்துல ஆரம்பிச்சு, மூணு, நாலு வார இடைவெளியில பதினாறு வாரம் வரைக்கும் போகும். அது முடியறதுக்குள்ள தரையில விட்டா பார்வோ வைரஸ் ஆபத்து. குட்டிங்களைச் சில நாள்லயே கொண்டுபோயிடற நோய் அது. மண்ணுல மாசக்கணக்குல உயிரோட இருக்கும்.

அப்போ என்ன பண்றது? தூக்கிட்டுப் போங்க. தோள்ல ஒரு துணிப்பையில வெச்சு தெருமுனையில பத்து நிமிஷம் நில்லுங்க. ஆட்டோ ஹாரன், ஹெல்மெட் போட்ட டெலிவரி பையன், தண்ணி லாரி, பறை சத்தம் எல்லாம் பார்க்கட்டும், கேட்கட்டும். வீட்டுல குக்கர் விசில், மிக்ஸி சத்தம் வரும்போதெல்லாம் ஒரு தீனி கொடுங்க. தடுப்பூசி முழுசாப் போட்ட, ஆரோக்கியமான நாய் இருக்கிற நண்பர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம். உங்க டாக்டர்கிட்ட கேட்டு, தடுப்பூசி கார்டைக் கையில வெச்சுக்கிட்டே இதைச் செய்யுங்க. சென்னையில மாநகராட்சி லைசென்ஸ் எடுக்கவும் வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று வேணும்.

கை பூரா கீறல்

மூணரை, நாலு மாசத்துல பால் பல் விழ ஆரம்பிக்கும். ஆறேழு மாசம் வரைக்கும் ஈறு குறுகுறுக்கும், எதையாவது கடிச்சுக்கிட்டே இருக்கும். கையைக் கடிச்சா விளையாட்டை நிறுத்திட்டு, கடிக்கிற மாதிரி வேற ஏதாவது கொடுங்க. ஃப்ரிட்ஜ்ல வெச்ச முழு கேரட் நல்லாவே வேலை செய்யும். நாலு வயசுக் குழந்தையையும் குட்டியையும் பெரியவங்க பார்வை இல்லாம தனியா விடவே கூடாது. இது ரெண்டு பேர் நல்லதுக்கும்தான்.

செருப்பைத் தூக்கிட்டு ஓடினா துரத்தாதீங்க. வாயைத் திறந்து பிடுங்கவும் பிடுங்காதீங்க. துரத்தினா அது விளையாட்டு. பிடுங்கினா, அடுத்த தடவை உறுமும், இல்லைன்னா அவசரமா முழுங்கிடும். ஒரு தீனியைக் காட்டி மாத்திக்கோங்க. உங்ககிட்ட கொண்டு வந்தா லாபம்னு அதுக்குப் புரியணும்.

வெயிலும் தட்டும்

நாய் நம்மள மாதிரி உடம்பு பூரா வியர்க்காது. மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேத்தும். நாக்குல இருக்கிற ஈரம் ஆவியாகணும். சென்னை மாதிரி புழுக்கமான ஊர்ல காத்துலயே ஈரம் அதிகம், அதனால அந்த வழியும் மந்தமாயிடும். ஆகவே வாக்கிங் காலையில வெயில் ஏறும் முன்னாடி, இல்லைன்னா ராத்திரி. ரோட்டுல புறங்கையை ஏழு விநாடி வெச்சுப் பாருங்க. உங்களால முடியலைன்னா அதோட பாதத்தாலயும் முடியாது. வெயில்ல தள்ளாடினாலோ, மூச்சு அடங்காம இரைச்சாலோ, உடம்புல தண்ணி ஊத்தி, ஃபேன் காத்து படவெச்சு, உடனே டாக்டர்கிட்ட போங்க.

வெயிலுக்காக மொட்டை அடிக்காதீங்க. மேல் முடி தோலை வெயில்ல இருந்து காப்பாத்துது. மொட்டை அடிச்சா சில நாய்களுக்குத் திரும்ப ஒழுங்கா வளராது. சீப்பு வெச்சு உதிர்ற உள்முடியை எடுத்துவிட்டாலே காத்து போகும். சீவும்போதே காது, விரலிடுக்கு எல்லாம் உண்ணி இருக்கான்னு பாருங்க. உண்ணிக் காய்ச்சல் இங்கே சகஜம்.

சாப்பாட்டுல, பெரிய இன நாய்க்குட்டிக்கான உணவா பார்த்து வாங்குங்க. "எலும்பு பலமாகட்டும்"னு கால்சியம் டானிக்கை நீங்களா ஊத்தாதீங்க. கூடுதலா வர்ற கால்சியத்தைத் தடுக்கச் சின்னக் குட்டி உடம்புக்குத் தெரியாது. எலும்பு கோணலா வளர அது காரணமாகலாம். இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டுப் பிரச்சினை பரம்பரையா வரும். கொழுகொழுன்னு இருந்தா மூட்டுக்குச் சுமை. தடவிப் பார்த்தா விலா எலும்பு கைக்குத் தட்டுப்படணும். வெங்காயம், சாக்லேட், திராட்சை ஆகாது. பாயசத்துல கிடக்கிற உலர் திராட்சையும் சேர்த்துத்தான்.

எட்டாவது மாசம்

இப்போ பூந்தி கதை. எட்டு மாசத்துல அவளுக்கு 25 கிலோ. உடம்பு பெரிய நாய், புத்தி குட்டி. ஒருநாள் சாயங்காலம் பாட்டி கோயிலுக்குப் போயிட்டு உள்ள வந்தாங்க. பூந்தி சந்தோஷத்துல தாவினா. பாட்டி சுவத்துல மோதி விழுந்தாங்க. எலும்புக்கு ஒண்ணும் ஆகலை, ஆனா முழங்கை கருத்துப்போச்சு. அன்னைக்கு ராத்திரி அம்மா சொன்னாங்க: "பாசமெல்லாம் சரிடா. பாட்டிக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? நல்ல இடமா பார்த்துக் கொடுத்துடலாம்." எனக்குப் பதில் இல்லை. பல கோல்டன்கள் வீடு மாறுறது இந்த வயசுலதான்.

கடைசி முயற்சியா ஒரு பயிற்சியாளரைக் கூப்பிட்டோம். அவர் நாயைப் பார்க்கவே இல்லை. எங்களைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார்: "அவ தாவும்போது நீங்க ஒவ்வொருத்தரும் என்ன பண்றீங்க?" நான் கட்டிப்பிடிப்பேன். அப்பா "நோ நோ"ன்னு ரெண்டு கையாலயும் தள்ளுவார். அம்மா இறங்கட்டும்னு பிஸ்கட் கொடுப்பாங்க. பாட்டி கத்துவாங்க. பூந்தி கணக்குப்படி, தாவினா எப்பவும் ஏதோ ஒண்ணு கிடைக்குது.

அன்னையிலிருந்து எல்லாருக்கும் ஒரே சட்டம். நாலு காலும் தரையில இருந்தாத்தான் கொஞ்சல். தாவினா கையைக் கட்டிக்கிட்டுத் திரும்பி நிக்கணும். பாட்டி வரும்போது முதல்ல சில வாரம் பெல்ட் என் கையில. பாட்டி அவ மேல நம்பிக்கை வந்ததும், உள்ள வரும்போதே நாலு தீனியைத் தரையில போடுவாங்க. தலை கீழே போனா தாவ முடியாதே. முதல் நாலஞ்சு நாள் இன்னும் மோசமாத்தான் தாவினா. ரெண்டு மாசத்துல நின்னுபோச்சு. அவ கெட்ட நாயா இருந்ததே இல்லை. நாங்கதான் நாலு பேரும் நாலு பாடம் நடத்திக்கிட்டு இருந்தோம்.

சரி, வாங்கலாமா?

மெசேஜ் அனுப்பின நண்பருக்கு என் பதில் இதுதான். ஃப்ளாட் பிரச்சினை இல்லை. மூணாவது மாடியும் பெரிசில்லை, குட்டியா இருக்கும்போது படியில தூக்கிட்டுப் போங்க. பகல்ல அந்தக் குட்டியோட யார் இருப்பாங்கங்கிறதுதான் கேள்வி. நீங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போனா, வாங்கறது நீங்க, வளர்க்கறது உங்க அம்மா அப்பா. அவங்ககிட்ட "ஆசையா இருக்கா"ன்னு கேட்காதீங்க. "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தூக்கிட்டுப் போக முடியுமா"ன்னு கேளுங்க. தயங்கினாங்கன்னா, வீடு தேடிக்கிட்டு இருக்கிற வளர்ந்த கோல்டனைத் தத்தெடுக்கலாம். அதுவும் பத்து வயசு, பன்னெண்டு வயசு வரைக்குமான பொறுப்புதான்.

முடியும்னு சொன்னாங்கன்னா, நல்லா வாங்குங்க. இதை ரெக்கார்ட் பண்ணும்போது பாட்டி ஹால்ல சீரியல் பார்த்துக்கிட்டு இருக்காங்க. பூந்தி அவங்க காலடியில, பாட்டியோட ஒரு செருப்பை வாயில வெச்சுக்கிட்டே தூங்கறா. அந்தச் செருப்புல ஒரு பல் தடம்கூட இல்லை.

உங்க வீட்டுக் குட்டி இப்போ எந்த மாசத்துல இருக்கு, எது உங்களை அழவைக்குதுன்னு வாய்ஸ் மெசேஜ்ல சொல்லுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.