வீரர்களுக்கான தண்டனை: அளவுகோல் யார் கையில்?

2022 ஆம் ஆண்டு நவம்பரில், இருபதுக்கு 20 உலகக் கிண்ணப் போட்டிகளை முடித்துக்கொண்டு இலங்கை அணி சிட்னியிலிருந்து நாடு திரும்பவிருந்த வேளையில், துடுப்பாட்ட வீரர் தனுஷ்க குணதிலக்க பாலியல் குற்றச்சாட்டின் பேரில் அவுஸ்திரேலியப் பொலிஸாரால் கைதுசெய்யப்பட்டார். ஸ்ரீ லங்கா கிரிக்கெட் நிறுவனம் உடனடியாகவே சகல வகைப் போட்டிகளிலிருந்தும் அவரை இடைநிறுத்தியது. அவர் மீதான நான்கு குற்றச்சாட்டுகளில் மூன்று 2023 மே மாதத்தில் கைவிடப்பட்டன. எஞ்சிய ஒன்றிலிருந்தும் அதே ஆண்டு செப்டெம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அடுத்த மாதம் இடைநிறுத்தமும் நீக்கப்பட்டது.

நிரபராதி ஒருவர் பதினொரு மாதங்களை இழந்தது அநீதியல்லவா என்று அப்போது பலரும் கேட்டனர். பாரதூரமான முறைப்பாடொன்று நீதிமன்றத்தின் முன் இருக்கையில், சம்பந்தப்பட்டவர் தேசிய அணியின் சீருடையில் தோன்றுவதை அனுமதிக்க முடியாது. முறைப்பாடு செய்தவருக்கும் அந்த அளவு மரியாதை உரியது. வழக்கு நிலுவையிலுள்ள அரச ஊழியர் பணி இடைநிறுத்தம் செய்யப்படுவதை ஒத்ததே இது. இடைநிறுத்தம் வேறு, தண்டனை வேறு. இங்கு அந்த வேறுபாடு பேணப்பட்டது. ஆயினும் ஊழியருக்கு ஓய்வு வயது வரை காலம் உண்டு. விளையாட்டு வீரரின் தொழில் வாழ்வோ பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுவது. ஆகவே அவரைப் பொறுத்தவரை காலமே மிகப் பெரிய அபராதமாகிறது.

சிக்கல் தொடங்குவது நீதிமன்றம் விடுவித்த பின்னரும் தடை நீடிக்கும்போதுதான். இந்திய வேகப்பந்து வீச்சாளர் ஸ்ரீசாந்த் 2013 மே மாதத்தில் ஐ.பி.எல். ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டில் டில்லிப் பொலிஸாரால் கைதுசெய்யப்பட்டார். செப்டெம்பரில் இந்தியக் கிரிக்கெட் சபை அவருக்கு ஆயுட்காலத் தடை விதித்தது. 2015 ஜூலையில் டில்லி நீதிமன்றம் அவரை விடுவித்தது. சபையோ தடையை நீக்க மறுத்தது.

முரண்பாடாகத் தோன்றினும் இதில் சட்டத் தவறில்லை. குற்றவியல் நீதிமன்றத்தில் குற்றம் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கப்பட வேண்டும். விளையாட்டு அமைப்புகளின் ஒழுக்காற்று விசாரணைக்கு அத்துணை உயர்ந்த நிரூபணம் தேவையில்லை. அதுமட்டுமன்றி, இந்தியாவில் ஆட்ட நிர்ணயத்தைத் தனிக் குற்றமாக்கும் சட்டம் அன்று இல்லாமையால், திட்டமிட்ட குற்றக் கும்பல்களுக்கு எதிரான சட்டத்தின் கீழேயே வழக்குத் தொடரப்பட்டது. 2019 மார்ச்சில் இந்திய உச்ச நீதிமன்றமும் இரு விசாரணைகளும் வெவ்வேறானவை என்பதை ஏற்றுக்கொண்டது. அது பிழை கண்டது தண்டனையின் அளவிலேயே. சபையின் விதிகள் ஐந்தாண்டு முதல் ஆயுட்காலம் வரை தண்டனைக்கு இடமளித்திருக்க, உச்ச எல்லை ஏன் தெரிவுசெய்யப்பட்டது என்பதற்குப் போதிய காரணம் இல்லை என்று அது கண்டது. மீள்பரிசீலனையில் தடை ஏழு ஆண்டுகளாகக் குறைந்து, 2020 செப்டெம்பரில் முடிவுற்றது. அப்போது அவருக்கு வயது 37. வேகப்பந்து வீச்சாளருக்கு அது என்ன வயது என்பதை விளக்க வேண்டியதில்லை.

எல்லையைக் குறுக்கிவிட்டால் நீதி கிடைத்துவிடுமா? அதுவும் இல்லை என்பதற்கு 2010 ஆகஸ்டில் லோர்ட்ஸ் மைதானத்தில் நடந்த விவகாரம் சான்று. பணத்துக்காக முன்கூட்டியே பேசி முறையற்ற பந்துகளை வீசிய குற்றத்தில் பாகிஸ்தான் அணித் தலைவர் சல்மான் பட், மொஹமட் ஆசிப், 18 வயதேயான மொஹமட் ஆமிர் ஆகிய மூவரும் சிக்கினர். 2011 பெப்ரவரியில் டோஹாவில் கூடிய சர்வதேச கிரிக்கெட் பேரவையின் தீர்ப்பாயம் பட்டுக்குப் பத்தாண்டு, ஆசிபுக்கு ஏழாண்டு, ஆமிருக்கு ஐந்தாண்டு எனத் தடை விதித்தது. ஆனால் பட்டின் தடையில் ஐந்தாண்டும் ஆசிபின் தடையில் இரண்டாண்டும் ஒத்திவைக்கப்பட்டவை. ஆகவே திட்டத்தை வழிநடத்திய தலைவரும், அவர் சொற்படி பந்துவீசிய இளைஞரும் உண்மையில் அனுபவித்தது ஒரே ஐந்தாண்டுதான். அதற்குக் குறைவான தண்டனைக்கு விதி இடமளிக்கவில்லை. விசேட சூழ்நிலைகளில் இந்தக் குறைந்தபட்ச எல்லையைத் தளர்த்துவது பற்றி ஆராயுமாறு தீர்ப்பாயமே பேரவைக்குப் பரிந்துரைக்க நேர்ந்தது.

அதே ஆண்டு நவம்பரில் லண்டன் சவுத்வார்க் நீதிமன்றம் அளித்த சிறைத்தண்டனைகளோ பட்டுக்கு 30 மாதங்கள், ஆசிபுக்கு 12, ஆமிருக்கு 6. பொறுப்பையும் வயதையும் எடைபோட்டுப் பார்க்கும் சுதந்திரம் அந்த நீதிபதிக்கு இருந்தது.

இவற்றுக்கு அப்பால் தெரிவுக்குழு என்றொரு மூன்றாவது நீதிமன்றமும் உண்டு. மூவரின் தடைகளும் 2015 இல் ஒரே வேளையில் முடிவடைந்தன. 2016 ஜனவரியில் ஆமிர் பாகிஸ்தான் அணிக்குத் திரும்பினார். மற்றைய இருவரும் மீண்டும் நாட்டுக்காக ஆடவேயில்லை. வயதுக்கும் குற்ற ஒப்புதலுக்கும் காட்டிய கருணையா, விக்கெட்டுகளின் தேவையா? இந்த நீதிமன்றம் தீர்ப்புக்குக் காரணம் எழுதுவதில்லை.

இலங்கையர் இவற்றை அயலார் விவகாரமாகக் கருதிவிட முடியாது. 2019 நவம்பரில் நமது பாராளுமன்றம் விளையாட்டு தொடர்பான தவறுகளைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆட்ட நிர்ணயத்துக்குப் பத்தாண்டு வரை சிறையும் பத்துக் கோடி ரூபா வரை அபராதமும் விதிக்க அது வழிசெய்கிறது. சிறையும் போட்டித் தடையும் ஒருங்கே காத்திருக்கும் இந்நிலையில், இரண்டும் சேர்ந்த சுமை குற்றத்துக்கு ஏற்றதா என்று யாரேனும் ஒருவர் நோக்கியாக வேண்டும். டோஹா தீர்ப்பாயம் தனது தீர்ப்பை முழுமையாக எழுதி வெளியிட்டது. அதனாலேயே அதன் குறைகளை இன்று நாம் பேச முடிகிறது. தமது ஆயுட்காலத் தடைக்குக் காரணம் போதாது என்று நிலைநாட்ட ஸ்ரீசாந்துக்கு ஐந்தரை ஆண்டுகள் பிடித்தன.