வீட்டுத் தோட்டத்தில் விதையினின்று உருளைக்கிழங்கு

தென்பெண்ணையாற்றங்கரையில் மணலூர்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு நான் செல்லும்போதெல்லாம், இப்பக்கத்தில் உருளைக்கிழங்கு பயிராகுமா என்று கேட்காத விவசாயி அரிது. வண்டல் கலந்த மணற்பாங்கான நிலமும் கிணற்றுப் பாசனமும் உள்ள இடத்தில் இக்கேள்வி எழுவது நியாயமே. சிலர் கேட்பதோடு நில்லாமல் பரீட்சித்தும் பார்த்திருக்கின்றனர். கடையில் வாங்கிய கிழங்கை இரண்டாக நறுக்கிக் கார்த்திகையில் நடுகிறார்கள். அதில் பாதி மண்ணிலேயே அழுகிவிடும். முளைத்த பாதியும் இலை சுருண்டு குட்டையாய் நின்று, தோண்டிப் பார்க்கையில் நட்ட கிழங்கின் எடைகூடத் திரும்பி வராது. உடனே, "இந்த மண்ணுக்கு உருளை ஒத்துவராது" என்று தீர்மானம் செய்துவிடுகிறார்கள். உண்மையில் குற்றம் பெரும்பாலும் மண்ணினுடையதன்று, நட்ட கிழங்கினுடையது.

உருளைக்கிழங்கு என்பது வேரன்று. மண்ணுக்குள் பருத்த தண்டு. ஆகையால் அதை நறுக்கி நடுவது கரும்புக் கரணை நடுவதை ஒக்கும். தாய்ச்செடியின் குணங்கள் யாவும் மாறாமல் வருவது இதன் நன்மை. தாய்ச்செடியின் வியாதிகளும் கூடவே வருவது இதன் தீமை. இலைச்சுருட்டு முதலிய நச்சுயிரி வியாதிகளும், கத்தரியையும் தக்காளியையும் சாய்க்கும் அதே வாடல் நோயும், கிழங்கின் வழியாகவே ஊர்விட்டு ஊர் செல்கின்றன. நீலகிரியில் 1961ஆம் வருஷத்தில் கண்டுபிடிக்கப்பட்ட பொன்னிற நூற்புழுவும் கிழங்கில் ஒட்டிய மண்ணோடு பரவக்கூடியது. நீலகிரிக் கிழங்கை விதைக்கென்று வெளியே கொண்டுசெல்லக் கட்டுப்பாடு ஏற்பட்டதற்கு அதுவே காரணம். மலைக்குச் சென்று திரும்பும் அன்பர்கள் ஒரு கூடை கிழங்கை விதைக்காக எடுத்துவருவது எவ்வளவு அபாயமென்பதைக் கிராம அதிகாரிகள் எடுத்துச் சொல்லவேண்டும்.

இனி, வியாதியில்லாத நல்ல விதைக்கிழங்கே கிடைத்தாலும், ஏக்கருக்கு 1,000 முதல் 1,200 கிலோ வரை வேண்டும். சாகுபடிச் செலவில் பெரும் பங்கு இதிலேயே போய்விடும். அடுத்த வருஷத்துக்கு நாமே எடுத்து வைப்போமென்றால், மாசியில் தோண்டிய கிழங்கு சித்திரை, வைகாசி வெயிலையெல்லாம் தாண்டிக் கார்த்திகை வரை காத்திருக்க வேண்டும். குளிர்பதனக் கிடங்கு இல்லாத ஊரில் அது நடவாத காரியம். நமது பக்கத்தில் உருளைக்கிழங்குக்கு முதல் விரோதி இந்த ஒன்பது மாதம்தான் என்பது என் அபிப்பிராயம்.

இவ்விடத்திலேதான் விதை உதவிக்கு வருகிறது. உருளைக்கிழங்குச் செடி, கத்தரி, தக்காளி, மிளகாய் இவற்றின் இனத்தைச் சேர்ந்தது. குளிர்ந்த இடங்களில் அது பூத்துச் சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரிய பச்சைக் காய்களைக் காய்க்கும். ஒரு காயில் 100 முதல் 300 விதைகள் வரை இருக்கலாம். சமவெளியில் மொட்டும் பூவும் உதிர்ந்துவிடுவதால் நம்மில் பலர் இக்காயைக் கண்டதேயில்லை. விதை மிகவும் நுண்ணியது. ஒரு கிராமில் ஏறக்குறைய 1,500 இருக்கும். ஓர் ஏக்கருக்கு வேண்டிய விதை 40 முதல் 60 கிராம்தான். டன் கணக்கில் வண்டியேற்ற வேண்டிய கிழங்குக்குப் பதில் சட்டைப்பையில் கொண்டுவரத் தக்க ஒரு பொட்டலம்! உலர்ந்த புட்டியில் இட்டு மூடி வைத்தால் கோடையைப் பற்றிக் கவலையில்லை. மேலே சொன்ன வியாதிகளில் மிகப் பெரும்பாலானவை விதையின் வழியாக வருவதுமில்லை.

இந்த யோசனை நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்தில், 1870களின் தொடக்கத்தில், லூதர் பர்பாங்க் என்ற இளைஞர் தம் தோட்டத்துச் செடியில் ஒரே ஒரு காயைக் கண்டு அதன் 23 விதைகளையும் விதைத்தார். அவற்றில் ஒன்றிலிருந்து பிறந்த வகையை 1875இல் ஒரு விதை வியாபாரிக்கு 150 டாலருக்கு விற்றார். அவர் பெயரைத் தாங்கிய அவ்வகையின் வழித்தோன்றல் இன்றும் அந்நாட்டில் பெருவாரியாகப் பயிராகிறது. நமது தேசத்தில், 1949இல் பாட்னாவில் தொடங்கிப் பின்னர் சிம்லாவுக்கு மாற்றப்பட்ட மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரான எஸ். ராமானுஜம், விதையினின்றே பயிர் செய்யலாமென்னும் எண்ணத்தை அந்நாளிலேயே முன்வைத்தார். பின்னாளில் திரிபுரா மாநிலத்தார் இதைச் சிரத்தையுடன் கைக்கொண்டனர். விதைக்கிழங்கு வெகுதூரம் சுற்றி வரவேண்டிய மூலையில் அம்மாநிலம் இருப்பதே அதற்குக் காரணம். அங்குள்ள நாகிச்செர்ரா ஆராய்ச்சி நிலையத்தில் கலப்பு விதை உற்பத்தியாகி, சிறு குடியானவர்களின் பாத்திகளுக்குச் சென்றது.

அவ்வாறாயின் எல்லாரும் ஏன் விதையையே விதைக்கவில்லை என்று கேட்கலாம். காரணங்கள் இரண்டு. முதலாவது, விதையினின்று முளைக்கும் செடிகள் ஒன்றைப்போல் ஒன்று இரா. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல, ஒன்று சிவப்பு, ஒன்று வெளுப்பு, ஒன்று உருண்டை, ஒன்று நீளம் என்று கிழங்குகள் பலவிதமாகும். தேர்ந்தெடுத்த பெற்றோரைக் கலந்து எடுத்த கலப்பு விதையில் இப்பேதம் குறைவு. ஆயினும் அடியோடு நீங்குவதில்லை. இரண்டாவது, முதல் போகத்தில் கிழங்கு சிறிதாகவே இருக்கும். மண்டிக்கு மூட்டை கட்டுகிறவர்களுக்கு இவ்விரண்டும் பெரிய குறைகள். வீட்டுக்கோ இவை குறைகளே அல்ல. பாக்களவும் எலுமிச்சையளவுமான பொடிக்கிழங்கைத் தோலோடு வேகவைத்து வறுத்தால் பிள்ளைகள் பெரிய கிழங்கைத் தேடமாட்டார்கள். ஆகவே இதை ஒரு சென்டுக்கு மேற்படாத வீட்டுத் தோட்டப் பயிராகவே இப்போது சிபாரிசு செய்கிறேன். இதை நம்பிக் கடன் வாங்கி ஏக்கர் கணக்கில் இறங்குவது கூடாது.

நான் முதன்முறை பட்ட நஷ்டத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கிடைத்த சிறு பொட்டலம் விதையைப் புரட்டாசி முதல் வாரத்திலேயே, கத்தரி விதைப்பதுபோல் திறந்த பாத்தியில் விதைத்தேன். வெயிலின் உஷ்ணத்தில் விதை சரியாக முளைக்கவில்லை. முளைத்த கொஞ்சமும் ஐப்பசியின் முதல் மழையில் கழுத்தழுகிச் சாய்ந்தது. இவ்விதை முளைக்க 15 முதல் 20 டிகிரி வரையிலான குளிர்ச்சியே உத்தமம் என்பதை டிப்ளமோ வகுப்பில் படித்தவன்தான் நான். படித்ததைப் பாத்தியில் மறந்தேன். மறு வருஷம் கூரையின் கீழ்ச் சட்டியில் விதைத்தபோது நாற்று தேறியது.

மணலூர்பேட்டைப் பக்கத்தில் இப்பயிருக்குக் காலம் மிகக் குறுகியது. இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் செடி நன்றாகக் கிழங்கு வைக்கும். மார்கழியிலும் தையிலுமே நமக்கு அத்தகைய இரவுகள் அமைகின்றன. அந்த இரண்டு மாதமும் செடி வேரூன்றித் தழைத்த நிலையில் இருக்கவேண்டும். எனவே தீபாவளியை ஒட்டிச் சட்டியில் விதைப்பு, கார்த்திகைத் தீபத்தை ஒட்டி நடவு என்று கணக்கு வைத்துக்கொண்டால் தவறாது. தை 5ஆம் தேதி திருவண்ணாமலையிலிருந்து சுவாமி தீர்த்தவாரிக்கு நம் ஆற்றுக்கு எழுந்தருளும்போது இரண்டாவது முறை மண் அணைத்து முடிந்திருக்க வேண்டும்.

விதைப்பதற்கு அகன்ற மண்சட்டிகளோ பழைய மரப்பெட்டிகளோ போதும். அடியில் துவாரம் இருப்பது அவசியம். ஆற்று மணலும் நன்றாய் மக்கிச் சலித்த தொழு எருவும் சரிபாதி கலந்து நிரப்பி, கொதிநீர் ஊற்றி ஆறவிட்டால் நாற்றழுகல் குறையும். விதையை உலர்ந்த மணலோடு கலந்து விரலகல இடைவெளியில் வரிசையாகத் தூவி, கால் அங்குலத்துக்கு மேற்படாமல் எருப்பொடியால் மூடவேண்டும். ஆழம் அதிகமானால் முளை மேலே வர வலுவில்லாமல் போகும். சட்டியைத் தாழ்வாரத்தில் ஈரமணலின்மேல் வைத்து, முளைக்கும் வரை நனைத்த சாக்கினால் மூடலாம். தண்ணீரைப் பூவாளியால் மட்டுமே தெளிக்க வேண்டும். முளை கண்டதும் சாக்கை எடுத்துவிட்டுக் காலை வெயில் படும்படி வைப்பது முக்கியம். நிழலிலேயே விட்டால் நாற்று நூலாய் நீண்டுவிடும். புதிதாய் எடுத்த விதை சுமார் ஆறு மாதம் உறங்கும் இயல்புடையது. ஆகையால் சென்ற வருஷத்து விதையே மேல்.

நான்கைந்து இலை விட்ட நாற்று, அதாவது ஏறக்குறைய ஒரு மாதத்து நாற்று, நடவுக்குத் தகுதி. நிலத்தைக் கிழக்கு மேற்காகப் பார் பிடித்து, 20 அங்குலத்துக்கு ஒரு பார் வீதம் அமைத்து, பாரின் வடசரிவில் 4 அங்குலத்துக்கு ஒரு நாற்றாக மாலையில் நடவேண்டும். மார்கழிச் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் பாரின் நிழல் இளநாற்றின்மேல் விழும். பந்தல் போடும் செலவில்லாமல் கிடைக்கும் இந்த நிழலால் நாற்றுச் சேதம் மிகவும் குறைகிறது. ஒரு சென்டுக்குச் சுமார் 800 நாற்று பிடிக்கும். அதற்கு ஒரு கிராம் விதை தாராளம். முந்திய வருஷம் கத்தரியோ தக்காளியோ வாடிச் செத்த இடத்தை இதற்குக் கொடுக்கவே கூடாது.

நட்ட ஒரு மாதத்தில் முதல் முறையும், அதன்பின் இரண்டு மூன்று வாரத்தில் மறுமுறையும் களைக்கொட்டினால் மண் அணைத்து வரவேண்டும். அதனால் வடசரிவில் நின்ற செடி பாரின் நடுவுக்கு வந்துவிடும். மண் போதாமல் வெளியே தெரியும் கிழங்கு வெயில் பட்டுப் பச்சை நிறமாகும். அது உண்ணத் தகாதது. தண்ணீர் கொஞ்சமாக, அடிக்கடி. பாரின் தலை நனையும்படி விடுகிற வழக்கம் நெல் வயலோடு நிற்கட்டும். மாசிக் கடைசியில் இலை மஞ்சளித்ததும் தண்ணீரை நிறுத்தி, பத்து நாள் கழித்துத் தோண்டலாம்.

கல்வராயன் மலையிலுள்ள நிலச்சுவான்தார்களுக்கு இவ்விஷயத்தில் நம்மைவிட அதிக அனுகூலம் உண்டு. 2,000 முதல் 4,000 அடி வரை உயரமுள்ள அம்மலையில் குளிர்ந்த இரவுகள் சமவெளியைவிட அதிகம். வெள்ளிமலைப் பக்கத்தில் சாமையும் மரவள்ளியும் விளையும் கொல்லைகளின் ஓரத்தில் ஒரு சென்டு பரீட்சித்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை. சமவெளியில் கிடைத்த சிறு கிழங்குகளில் வியாதியற்றவற்றைப் பொறுக்கி, காற்றோட்டமும் மங்கலான வெளிச்சமும் உள்ள பரணில் பரப்பி, மலையிலுள்ள உறவினரிடம் கொடுத்துவைத்தால், அவற்றில் ஒரு பகுதி அடுத்த நடவுக்குத் தப்பிப் பிழைக்கலாம். அவ்வாறு பிழைத்த கிழங்கை நட்டால் விளையும் கிழங்கு முதல் வருஷத்ததைவிடப் பெரிதாயிருக்கும். நன்றாய்க் காய்த்த செடியின் கிழங்கை மட்டும் தனியே குறியிட்டு வைப்பவர், பர்பாங்க் செய்த வேலையைத் தம் கொல்லையில் செய்தவராவார்.

மலையில் எவர் தோட்டத்திலாவது காய் பிடித்தால், அது தானே உதிரும் வரை விட்டு, மெத்தென்று ஆனபின் நீரில் பிசைந்து, தக்காளி விதை எடுப்பதுபோல் ஒரு நாள் ஊறவைத்து அலசி, நிழலில் உலர்த்திப் புட்டியில் அடைக்க வேண்டும். அடைத்த மாதத்தைப் புட்டியின்மேல் எழுதி ஒட்டுவது நலம். ஆனால் அக்காய் விஷமுள்ளது. சுண்டைக்காயென்றோ மணத்தக்காளியென்றோ எண்ணிக் குழந்தைகள் வாயிலிடவும், பெண்கள் வற்றலுக்குப் பறிக்கவும் இடமுண்டாதலால், விதைக்கு வேண்டாத காய்களைச் சிறிதாயிருக்கும்போதே கிள்ளி மண்ணில் புதைத்துவிட வேண்டும்.