அறுந்த நரம்பு

முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்வற்றுக் கிடப்பவன் முன் வைத்தியர் கையை விரிப்பது உலகெங்கும் காணும் காட்சி. தோல் கிழிந்தால் கூடுகிறது. எலும்பு முறிந்தால் ஒட்டுகிறது. தண்டுநரம்பு அறுந்தால் மட்டும் ஏன் அறுந்தபடியே நிற்கவேண்டும்? குற்றம் நரம்பின் இயல்பிலா, அது குடியிருக்கும் இடத்திலா? நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் இவ்வழக்கின் போக்கை நம் நேயர்கள் அறிந்திருத்தல் நலம்.

1906-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபெல் பரிசை இத்தாலியரான கோல்கியும் ஸ்பானியரான காஹாலும் பகிர்ந்துகொண்டனர். நரம்பு மண்டலம் முழுதும் ஒரே வலை என்றார் முன்னவர். ஒவ்வோர் உயிரணுவும் தனித்தனி, தன் இழையைத் தானே வளர்த்து நீட்டுகிறது என்றார் பின்னவர். கோல்கி தம் பரிசுரையிலேயே காஹாலின் கொள்கையைத் தாக்கிப் பேசினார்! இருவரும் காட்டியவை சாயமேற்றிய இறந்த திசுக்களே. சவத்தைப் பார்த்து அது உயிரோடிருந்தபோது நடந்த நடையை ஊகிப்பதைப் போன்றது இது. சந்தர்ப்ப சாட்சியம் எவ்வளவு திரண்டாலும், கண்ணால் கண்டவன் ஒருவன் கூண்டேறும்வரை வழக்கு முடியாது.

அந்தச் சாட்சி 1907-இல் கிடைத்தார். பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஸர்வகலாசாலையில் ராஸ் ஹாரிசன் என்பவர், தவளைக் கருவிலிருந்து நரம்பாக வளரவேண்டிய துணுக்கொன்றை எடுத்துத் தவளையின் நிணநீர்த் துளியில் இட்டார். அத்துளியைக் கண்ணாடித் தகட்டின் அடியில் தொங்கவிட்டு, மெழுகால் அடைத்து, பூதக்கண்ணாடி வழியே கவனித்து வந்தார். உயிரணுவிலிருந்து இழை கிளம்பிற்று. அதன் நுனி அமீபாவைப் போல் உருமாறி, மெல்லிய விரல்களை நீட்டித் துழாவிக்கொண்டே முன்னேறிற்று. ஒரு மணி நேரத்தில் அது கடந்த தூரம் மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். பாலமிட்டுக் கொடுக்க அத்துளியில் வேறு திசு இல்லை. ஆகவே இழை அந்த உயிரணுவின் சொந்தச் சொத்தென்பது ஐயமற விளங்கிற்று. இவ்வளவு பெரிய காரியம் செய்தவருக்கு நோபெல் பரிசு கடைசிவரை கிட்டவில்லை என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

அவ்விரல்களை நீட்டுவதும் மடக்குவதும் ஆக்டின் என்னும் புரத நூல்கள் கூடுவதாலும் கலைவதாலும் நிகழ்கின்றன என்று இன்று அறிகிறோம். கண்ணாடித் தட்டில் வளரும் இழையை அறுத்தால் நடப்பதோ இன்னும் வியப்பானது. வெளியிலுள்ள கால்சியம் உள்ளே பாய்கிறது, புண்வாய் மூடிக்கொள்கிறது, அறுபட்ட முனை சற்றுப் பின்வாங்குகிறது, பின்பு புதிய நுனி முளைத்துப் பழையபடி துழாவத் தொடங்குகிறது. உயிரணுவோடு தொடர்பிழந்த துண்டு மட்டும் வாடிச் சிதைகிறது. 1987-இல் டாட்டி, பாங்கர் என்னும் இருவர் எலிக் கருவின் மூளை உயிரணுக்களைத் தட்டில் வளர்த்து, அவற்றின் நீண்ட தலைமை இழையை அடியோடொட்டி வெட்டினர். அதுவரை குறுகிக் கிடந்த வேறோர் இழை பல சமயங்களில் அந்த ஸ்தானத்தை ஏற்று வளரலாயிற்று!

இவை கருவின் உயிரணுக்கள். குழந்தை கொடுத்த வாக்குமூலம் முதியவனைக் கட்டுப்படுத்துமா என்று எதிர்த்தரப்பு கேட்கலாம். நியாயமான கேள்வியே. முதிர்ந்த மூளையிலும் தண்டிலும் நரம்புப் பாதைகள் மாற்றமற்று முடிந்துபோனவை என்று காஹாலே எழுதிவிட்டார். ஆனால் அவருடைய மாணவர் டெயோ 1911-இலேயே, முயலின் மூளைக்குள் கால் நரம்பின் துண்டை வைத்தபோது மூளை இழைகள் அதனுள் வளர்ந்து நுழைவதைக் கண்டிருந்தார். எழுபது ஆண்டு கழித்து, 1981-இல், மான்ட்ரியாலில் டேவிட், அகுவாயோ என்போர் வளர்ந்த எலிகளில் மூளையடிக்கும் தண்டுக்கும் இடையே அத்தகைய நரம்பைப் பாலமாகப் பொருத்தினர். இழைகள் சுமார் 30 மில்லிமீட்டர் வளர்ந்து சென்றன. முதியவனுக்கும் வலிமை உண்டு. இடந்தான் தடுக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? தடை செய்யும் பொருள்கள் தண்டிலுள்ள இழைகளின் கொழுப்புறையிலேயே இருப்பதை 1988-இல் ஷ்வாப் குழுவினர் ஸூரிச்சில் காட்டினர். முதுமையால் இழையின் வேகம் குறைவதும் உண்டென்பதை மறைக்க விரும்பவில்லை.

அத்தடையை நீக்கும் எதிர்ப்பொருளைக் கழுத்துத்தண்டில் அடிபட்டோருக்குச் செலுத்திய ஐரோப்பியச் சோதனையின் முடிவு 2024-இல் வெளியாயிற்று. அனைவரையும் சேர்த்துப் பார்க்கையில் எதிர்பார்த்த பயன் இல்லை. இயக்கம் முற்றிலும் அற்றுப்போகாத சிலரிடம் மட்டும் நம்பிக்கைக்குரிய குறிகள் தென்பட்டன. இந்நிலையில், ஊசி ஒன்றால் தண்டை ஒட்டித் தருவதாக விளம்பரம் செய்து, நிலத்தை விற்றுப் பணம் கொண்டுவரச் சொல்பவர்களிடம் நேயர்கள் முதலில் கேட்கவேண்டியது இந்தச் சோதனையின் கணக்கைத்தான்.