தாய்ப்பால் உண்ணும் சேயும் மலம் கழியாத நாட்களும்

குழந்தை பிறந்து ஐந்தாறு வாரம் வரையும் நாளொன்றுக்கு நாலு முறை, ஐந்து முறை அணையாடை மாற்றிக் களைத்த தாய், ஏழாம் வாரத்திலே திடீரென்று வேறொரு கவலைக்கு ஆளாகிறாள். நேற்று மலம் கழியவில்லை, இன்றும் இல்லை, நாளையும் கழியாவிட்டால் என்ன செய்வது? குழந்தையோ வழக்கம்போலப் பால் குடிக்கிறது, சிரிக்கிறது, உறங்குகிறது. ஆனால் வீட்டிலுள்ள பெரியோர் அமைதியாயிருப்பதில்லை. "பிள்ளைக்கு வயிறு கட்டிப் போயிற்று" என்பார் ஒருவர். "தாய்க்குப் பால் சூடு" என்பார் இன்னொருவர். வெற்றிலைக் காம்பு தேடப்படுகிறது. அடுப்பிலே ஓமம் அவிகிறது. இரண்டொரு நாளிற் பால்மாப் பேணியும் வீட்டுக்கு வந்து சேர்கிறது.

இந்தக் கவலையிற் பெரும்பகுதி, மலச்சிக்கல் என்னும் சொல்லை நாட்கணக்கோடு பிணைத்துவிட்டதனால் உண்டாவது. மலம் உலர்ந்து இறுகி, கழிக்கும்போது நோவு தருவதே மலச்சிக்கல். எத்தனை நாளுக்கு ஒருமுறை கழிகிறது என்பது வேறு. எப்படிக் கழிகிறது என்பது வேறு. தாய்ப்பால் மாத்திரம் உண்ணும் குழந்தை ஆறு வாரம் கடந்தபின் மூன்று நாளுக்கு ஒருமுறையோ, வாரத்துக்கு ஒருமுறையோ, சிலபோது அதற்கும் நீண்ட இடைவெளியிலோ மலம் கழிக்கலாம். அவ்வாறு கழியும்போது அது மஞ்சள் நிறமாய், களிபோல மென்மையாய், அளவில் மிகுதியாய் வெளிவருமாயின் அக்குழந்தைக்கு மலச்சிக்கல் இல்லை. அதே வயதிலே நாள்தோறும் கழித்தாலும், ஆட்டுப் புழுக்கைபோல உருண்டையாய் இறுகி வருமாயின் அதுதான் சிக்கல்.

ஆனால் இந்த ஆறுதல் எல்லா வயதுக் குழந்தைக்கும் பொருந்தாது. இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

குழந்தை கருப்பையில் இருந்தபோதே அதன் குடலிற் சேர்ந்திருந்த கழிவு, பிறந்த முதல் நாளிலே தார்போலக் கறுத்து ஒட்டும் தன்மையுடன் வெளிவரும். நாட்டு வழக்கிலே இதனைக் காட்டுப்பீ என்பர். நிறைமாதத்திலே பிறந்த குழந்தைகளிற் பெரும்பாலானவை முதல் 24 மணி நேரத்துள்ளும், ஏறக்குறைய எஞ்சியவை அனைத்தும் 48 மணி நேரத்துள்ளும் இதனைக் கழித்துவிடும். சீம்பால் இதற்குப் பேருதவி செய்கிறது. அது இயற்கை அளித்த மெல்லிய பேதிமருந்து. மூன்றாம் நாளளவில் மலம் பச்சை கலந்த நிறமாகி, நாலாம் ஐந்தாம் நாளில் கடுகு அரைத்துக் கரைத்தது போன்ற மஞ்சளாக மாறும். அதன்பின் சில வாரங்களுக்கு நாளொன்றுக்கு மூன்று முறைக்குக் குறையாமல் மலம் கழிவதே வழக்கம். பால் வயிற்றில் இறங்கியவுடன் பெருங்குடல் அசைந்துகொடுப்பதனால், ஒவ்வொரு முறை பால் கொடுத்த பின்பும் அணையாடை நனைவதுண்டு.

இந்த முதல் வாரங்களிலே மலம் குறைவது பெரும்பாலும் பால் குறைவாகக் கிடைக்கிறது என்பதற்கு அடையாளம். பத்து நாட் குழந்தை இரண்டு நாளாக மலம் கழிக்கவில்லையென்றால், "தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு அது இயல்பு" என்று சொல்லித் தாயை அனுப்பிவிடுதல் தவறு. உள்ளே போவது போதாமையால் வெளியே வருவதும் இல்லாமற் போகிறது. குழந்தை மார்பை ஒழுங்காகக் கவ்வுகிறதா, விழுங்கும் ஓசை கேட்கிறதா, நாளுக்கு ஆறு முறையேனும் வெளிறிய சிறுநீர் கழிக்கிறதா என்று பார்க்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக நிறுத்துப் பார்க்கவேண்டும். பிறந்த பின் முதல் சில நாட்களிற் சற்றே குறைந்த நிறை, இரண்டாம் வார முடிவுக்குள் மீண்டு, அப்பால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 முதல் 30 கிராம் வரை ஏறிச் செல்லும். தராசு சொல்லும் சாட்சி இங்கே பாட்டியின் சாட்சியிலும் உறுதியானது. குடும்பநல மாது வீட்டுக்கு வரும்போது காட்டவேண்டிய குழந்தை இதுவே. மார்பிலே வைக்கும் முறையைச் சிறிது திருத்தினாலே பல குழந்தைகளுக்குப் போதிய பால் கிடைத்துவிடுகிறது.

இனி, ஆறு வாரத்துக்குப் பின் நிகழும் மாற்றத்துக்குக் காரணம் யாது?

தாய்ப்பாலில் 100 மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 87 பங்கு நீர். எஞ்சியதிலே சர்க்கரை 7 கிராம், கொழுப்பு 4 கிராம், புரதமோ 1 கிராம் அளவே. பசும்பாலில் புரதம் இதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் உண்டு. அளவு மாத்திரமன்றிப் புரதத்தின் வகையும் வேறு. பசும்பாலிற் புளி விட்டாற் கட்டிகட்டியாகத் திரள்வதைச் சமையலறையிற் காணாதவர் இல்லை. திரளுகின்ற அந்தப் பொருளே கேசீன் என்னும் புரதம். பசும்பாற் புரதத்திலே நூற்றுக்கு 80 பங்கு இந்தக் கேசீன். முதிர்ந்த தாய்ப்பாலிலோ 40 பங்கு மாத்திரமே. மீதி 60 பங்கும் தெளிந்த நீரிலே கரைந்து நிற்கும் இலேசான புரதம். ஆகவே தாய்ப்பால் குழந்தையின் வயிற்றிலே பஞ்சுபோல மென்மையாகத் திரண்டு, விரைவிற் செரித்துவிடுகிறது. பாலிலுள்ள கொழுப்பைச் செரிப்பதற்குரிய நொதியம் ஒன்றையும் தாய் அதே பாலிற் கலந்தே அனுப்புகிறாள். சோற்றோடு கறியையும் சேர்த்து அனுப்பும் வீட்டுக்காரி போல என்று இதனைச் சொல்லலாம். இவ்வளவு நன்றாகச் செரித்து உடலிற் சேர்ந்துவிடும் உணவிலே சக்கை மிகச் சிறிதே எஞ்சுகிறது.

அப்படியானால் தொடக்கத்தில் அடிக்கடி மலம் கழிந்தது எப்படி? தாய்ப்பாலிலே ஒலிகோசக்கரைட்டு எனப்படும் சர்க்கரைத் தொடர்கள் பல உண்டு. குழந்தையால் இவற்றைச் செரிக்க முடியாது. செரிக்க முடியாத பொருளைத் தாயின் உடல் ஏன் பாடுபட்டு ஆக்கவேண்டும் என்ற வினாவுக்கு விடை குழந்தையின் குடலில் வாழும் நுண்ணுயிர்களிடம் கிடைத்தது. 1899ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரத்துப் பாஸ்ரர் நிலையத்தில் ஹென்றி திசியே என்பவர், தாய்ப்பால் உண்ணும் குழந்தையின் மலத்திலிருந்து கவர்பட்ட வடிவுடைய ஒரு பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். பிஃபிடோ பற்றீரியா என்று இன்று வழங்கும் அந்த நுண்ணுயிருக்கே இச்சர்க்கரைகள் உணவு. அது அவற்றை நொதிக்கச் செய்து புளிப்பமிலங்களை உண்டாக்குகிறது. தாய்ப்பால் உண்ணும் குழந்தையின் மலம் இளக்கமாய், நாற்றமின்றிச் சற்றே புளித்த மணமுடையதாய் இருப்பது இதனாலேயே. இச்சர்க்கரைகள் சீம்பாலிலும் தொடக்க வாரங்களின் பாலிலும் மிகுதியாயிருந்து, நாட்செல்லப் படிப்படியாகக் குறைகின்றன. அதே காலத்திற் பெருங்குடலும் முதிர்ச்சியடைந்து, ஒவ்வொரு முறை பால் குடித்ததும் ஓடிப் போய் வெளியேற்றும் அவசரத்தை விட்டு, வந்ததைத் தாங்கி வைத்திருக்கப் பழகுகிறது.

பால்மா உண்ணும் குழந்தைக்கு இந்த நீண்ட இடைவெளி பொருந்தாது. பால்மாக்கள் பலவற்றிலே சேர்க்கப்படும் தாவரக் கொழுப்பின் ஒரு பகுதி, குடலிலே சுண்ணாம்புச் சத்தோடு கூடிச் சவர்க்காரம் போன்ற கரையாப் பொருளாகி மலத்தை இறுக்குகிறது. அக்குழந்தை நாலைந்து நாள் மலம் கழிக்காதிருந்தால் இறுகிப்போயிருக்கும் வாய்ப்பு அதிகம்.

பெற்றோரை அச்சுறுத்தும் இன்னொரு காட்சி உண்டு. இரண்டு மாதக் குழந்தை முகம் சிவக்க முக்கி, காலை மடக்கி, பத்து நிமிடமோ அதற்கு மேலோ அழுகிறது. இறுதியிலே வெளிவருவதோ மிக மென்மையான மலம். மலம் கழிப்பதற்கு வயிற்றை இறுக்கவேண்டும். அதே கணத்திலே மலவாயின் தசைகளைத் தளர்த்தவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே செய்வதற்குக் குழந்தை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. வயிற்றை இறுக்கும்போது கீழ்த்தசையையும் சேர்த்து இறுக்கிவிடுகிறது. சில வாரங்களிலே தானாகவே இதனைப் பழகிக்கொள்ளும். வெதுவெதுப்பான கையால் வயிற்றை வலஞ்சுழியாக மெல்லத் தடவுவதும், முழங்கால்களை வயிற்றை நோக்கி மடக்கி நீட்டுவதும் போதும்.

இந்த இடத்திலேதான் வெற்றிலைக் காம்பு தீங்கு செய்கிறது. எண்ணெய் தோய்த்த காம்பையோ சீவிய சவர்க்காரத் துண்டையோ மலவாயிற் செருகினால் மலம் வரத்தான் செய்யும். அதனாலேயே இம்முறை தலைமுறை தலைமுறையாக நிலைத்தது. ஆனால் காம்பு மென்மையான உட்தோலைக் கீறலாம். சவர்க்காரம் அதனைப் புண்ணாக்கும். மேலும், தானாகக் கற்கவேண்டிய குழந்தை வெளியிலிருந்து வரும் தூண்டுதலுக்குக் காத்திருக்கப் பழகிவிடும். ஆமணக்கெண்ணெய் கொடுப்பதோ இன்னும் பொல்லாதது. அது கடும் பேதியை உண்டாக்கிக் குழந்தையின் நீர்ச்சத்தை வற்றச் செய்யும். புரைக்கேறினால் எண்ணெய் நுரையீரலிற் புகும். ஓமத் தண்ணீர், கொத்தமல்லித் தண்ணீர், சீனித் தண்ணீர், கடையிலே விற்கும் கிரைப் வோட்டர் ஆகியவை குழந்தையின் சிறு வயிற்றிலே பாலுக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கொதிக்கும் வெயிற் காலத்திலும் தாய்ப்பாலிலுள்ள நீரே ஆறு மாதக் குழந்தைக்குப் போதும்.

தேனைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். பிறந்த குழந்தையின் நாவிலே தேன் தொட்டு வைப்பது தமிழரிடையே உள்ள வழக்கம். வயிறு இளகுவதற்கென்றும் தேன் கொடுப்பவர் உண்டு. 1976ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் கலிபோர்னியாவில் குழந்தைகளுக்குரிய பொட்டுலிசம் என்னும் நோய் இனங்காணப்பட்டது. ஒருவகைப் பற்றீரியாவின் வித்திகள் சிலபோது தேனிற் கலந்திருக்கும். பெரியவர் வயிற்றிலே அவை முளைப்பதில்லை. ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலிலே முளைத்து, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். அந்நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் மலம் கழியாமையே. பின்னர்ப் பால் உறிஞ்சும் வலு குறையும்; அழுகை மெலியும்; இமை தொங்கும்; உடல் துவளும். மலம் இளகுவதற்கெனக் கொடுத்த தேன், மலம் கட்டுதலையே முதற்குறியாகக் கொண்ட நோயைத் தரக்கூடும் என்றால் அதைவிடப் பொல்லாத வைத்தியம் வேறு யாது? தேனை வீட்டிலே காய்ச்சினாலும் அந்த வித்திகள் அழியமாட்டா.

தாயின் உணவை மாற்றிக் குழந்தையின் மலத்தை இளக்க முயல்வதும் வீண் முயற்சியே. பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக் கறி ஆக்கிக் கொடுப்பது நல்ல வழக்கம்; அது அவளுக்குப் பசியையும் ஆறுதலையும் தரும். ஆனால் அவளுடைய குடலிலுள்ளது பாலாவதில்லை. இரத்தத்திலிருந்து எடுத்த பொருள்களைக் கொண்டே மார்பு பாலை ஆக்குகிறது. தாய்க்கு மலச்சிக்கல் இருந்தாற் பிள்ளைக்கும் பாலின் வழியே அது போய்ச் சேரும் என்பதற்கு இடமில்லை.

இவற்றையெல்லாம் விடப் பெரிய இழப்பு, "பால் ஒத்துக்கொள்ளவில்லை" என்ற தீர்ப்பினால் நேர்கிறது. இலங்கையின் 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 82 குழந்தைகள் தாய்ப்பால் மாத்திரம் உண்டன. இந்நாடு பெருமைப்படத்தக்க எண்ணிக்கை இது. ஆயினும் ஒரு வீட்டிலே ஐந்து நாள் மலம் கழியாததைக் கண்டு ஒரு போத்தல் பால்மா கொடுத்தால், குழந்தை அந்த நேரத்துக்கு மார்பை உறிஞ்சாது. உறிஞ்சாத மார்பிலே பால் குறையும். பால் குறைய இரண்டாம் போத்தல் வேண்டியதாகும். நோயே இல்லாத இடத்திலே தொடங்கிய சிகிச்சை, சில வாரங்களிலே தாய்ப்பாலை நிறுத்திவிடுகிறது.

உண்மையான நோய் எப்போது மறைந்திருக்கிறது? பச்சை நிறமாக வாந்தி எடுத்தல், வயிறு பருத்து இறுகுதல், மலத்தில் இரத்தம், காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல், ஓயாத சோர்வு, நிறை ஏறாமை ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் நாட்கணக்குப் பாராமல் வைத்தியரிடம் கொண்டுசெல்லவேண்டும். பச்சை வாந்தியெனில் அன்றைக்கே, அந்த நேரமே செல்லவேண்டும். குடல் முறுகியிருத்தல் கூடும். முதல் மலம் 48 மணி நேரம் கடந்து வந்த குழந்தை பின்னரும் மலம் கட்டிக்கொண்டு வயிறு ஊதினால் அதன் பிறப்பு வரலாற்றை வைத்தியரிடம் சொல்லுதல் அவசியம். டென்மார்க்குத் தேசத்துக் குழந்தை வைத்தியர் ஹறால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ருங் 1886ஆம் ஆண்டிலே பேர்லினில் விளக்கிய நோய் ஒன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் நரம்புக் கலங்கள் பிறவியிலேயே இல்லாமையால் அப்பகுதி தளராமல் இறுகியே நிற்கிறது. ஏறத்தாழ 5000 பிறப்புக்களில் ஒன்றிலே காணும் இந்நோய் சத்திரசிகிச்சையாற் குணமாகும். தைரொயிட்டுச் சுரப்பியின் குறைபாடும் மலத்தைக் கட்டும். அத்துடன் நீங்காத மஞ்சட்காமாலை, கரகரத்த அழுகை, மந்தம் ஆகியனவும் சேர்ந்து வரும். பிறந்த குழந்தையின் குதிக்காலிலே ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதிப்பது இதனை முன்கூட்டியே அறிவதற்காகவே.

இரண்டாம் மாத ஊசிக்குக் குழந்தையைக் கொண்டுசெல்லும் நாள், இந்தச் சந்தேகங்களைக் கேட்பதற்கு ஏற்ற நாள். அன்றைக்குக் குழந்தை நிறுக்கப்படும். விருத்திப் பதிவேட்டிலே புள்ளி இடப்படும். அப்புள்ளி முன்னைய புள்ளியிலிருந்து கோட்டோடு ஒட்டி மேலே சென்றிருக்குமாயின், அணையாடை வெறுமையாயிருந்த ஐந்து நாளைப் பற்றி மேலும் கலங்கவேண்டியதில்லை.

ஆறு மாதம் முடிந்து சோறும் பருப்பும் மசித்து ஊட்டத் தொடங்கியதும் இந்தக் கணக்கு மாறிவிடும். சக்கையுள்ள உணவு உள்ளே போகப் போக மலம் தடித்து, நிறம் கறுத்து, பெரியவர் மலத்தின் நாற்றத்தைப் பெறும். மெய்யான மலச்சிக்கல் முதன்முதலாகத் தோன்றுவதும் பெரும்பாலும் அப்போதே. உணவோடு கொதித்தாறிய நீர் சிறிது கொடுத்து, மசித்த பப்பாளிப்பழமும் கீரையும் சேர்த்து, தாய்ப்பாலையும் விடாமற் கொடுத்துவந்தால் அநேக குழந்தைகளுக்கு அதுவே போதுமானது.